கிருமியைக் கண்டுகொள்ளும் பழ ஈ

அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈயைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டையிடுவதும் அங்கேதான், அதன் புழு வளர்வதும் அங்கேதான். கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகும் இடம் அது. ஆனால் மனித உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் எதுவும் ஈயின் உடலில் இல்லை. ஒருமுறை வந்த நோயை நினைவில் வைத்துக்கொள்ளும் வெள்ளை அணுக்களும் இல்லை. அப்படியிருந்தும் அது பிழைத்திருக்கிறது. தன் உடலுக்குள் புகுந்தது கிருமிதான் என்பதை அது எப்படி அறிகிறது? இந்தக் கேள்விக்கு விடை காண அறிவியலுக்கு நூறு ஆண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

பூச்சிகளின் நோயை முதலில் ஊன்றிப் பார்த்தவர்களுள் லூயி பாஸ்டரும் ஒருவர். 1865ஆம் ஆண்டு பிரான்சின் தென்பகுதியில் உள்ள அலேஸ் வட்டாரத்தில் பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பட்டுத் தொழிலைக் காப்பாற்ற அனுப்பப்பட்ட அவர், ஐந்தாண்டு காலம் அதிலேயே செலவிட்டார். புழுவைக் கொன்றது எது என்பதை அவர் ஆராய்ந்தார். நோய் தாக்காத புழு எப்படித் தப்பியது என்பது வேறு கேள்வி. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில்தான் அதற்கான முதல் தடயம் கிடைத்தது. பிரான்சில் பையோ, மெட்டல்னிகோவ், அமெரிக்காவில் கிளேசர் ஆகியோர், சிறிதளவு பாக்டீரியா செலுத்தப்பட்ட பூச்சியின் ரத்தம் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் பெறுவதைக் கண்டனர். மனிதரின் எதிர்ப்பொருளைப் போல அது நடந்துகொள்ளவில்லை. எனவே அறிவியல் உலகம் அதை ஓரமாக ஒதுக்கி வைத்தது. மனிதருக்கு இல்லாத ஒன்று பூச்சியிடம் இருந்தால் அதனால் யாருக்கு என்ன பயன் என்ற எண்ணம் போலும்!

அந்த எண்ணத்தை மாற்றியவர் சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் போமன். 1972இல் பழ ஈக்களுக்குப் பாக்டீரியாவைச் செலுத்தினால் எதிர்ப்பாற்றல் தூண்டப்படுகிறது என்று அவருடைய குழு அறிவித்தது. ஆனால் ஓர் ஈயிடமிருந்து எவ்வளவு ரத்தம் எடுத்துவிட முடியும்? ஆகவே அவர் செக்ரோப்பியா என்ற பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்கு மாறினார். அது உறங்கும் கட்டத்தில் இருப்பதால் அதன் உடலில் புதிய புரதங்கள் அநேகமாக உற்பத்தியாவதில்லை. கிருமியை ஊசி வழியாகச் செலுத்தியபின் புதிதாகத் தோன்றும் புரதம் எதுவாயினும் அது தற்காப்புக்கானது என்று துணிந்து சொல்லலாம். இதைவிட எளிமையான, கெட்டிக்காரத்தனமான சோதனையைக் காண்பது அரிது. 1981இல் அந்தப் புரதங்களின் அமைப்பு வெளியானது. பூச்சியின் பெயரையே ஒட்டி அவற்றுக்குச் செக்ரோப்பின் என்று பெயரிட்டனர். அவை கிருமியின் சவ்வைத் துளைத்துக் கொல்பவை.

ஆயுதம் கிடைத்துவிட்டது. ஆனால் அபாய மணியை அடிப்பது யார்?

பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் இதே வழியில் நடந்தனர். வெட்டுக்கிளிகளிடையே உறுப்புகளை மாற்றிப் பொருத்தும் சோதனைகளில், கிருமி நீக்கம் செய்யாமலே அறுவை செய்தாலும் அவற்றுக்கு நோய் தொற்றாதது அங்கே பல காலமாகக் கவனிக்கப்பட்டு வந்தது. பின்னர் அவர்கள் பழ ஈக்கு மாறினர். அங்கு பணியாற்றிய புருனோ லெமேத்ர் 1995இல் ஒரு விந்தையான ஈயைப் பற்றி எழுதினார். ஒரு மரபணு பழுதடைந்த அந்த ஈ, பாக்டீரியாவுக்கு எளிதில் பலியானது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு இன்னும் பெரியது. கருவளர்ச்சியின்போது முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் டோல் என்ற மரபணு பழுதானால், வளர்ந்த ஈ பூஞ்சைக் காளானுக்கு இரையாகிறது என்று அது காட்டியது.

1998இல் புரூஸ் பாய்ட்லரின் குழு, எலிகளில் டோலின் உறவான ஒரு புரதமே பாக்டீரியாவின் நச்சை உணர்கிறது என்று கண்டறிந்தது. எலியிடம் உள்ள அந்தப் புரதம் மனிதரிடமும் உண்டு. ஒதுக்கப்பட்ட பூச்சி ஆய்வு ஒரே நாளில் மருத்துவத்தின் மையத்துக்கு வந்துவிட்டது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஈயின் டோல் புரதம் கிருமியை நேரடியாகத் தொடுவதே இல்லை. வேறொருவர் கண்டு சொன்ன செய்தியைக் கடத்தும் தூதுவன் மட்டுமே அது. அந்த வேறொருவரை 1996இலேயே ஜப்பானில் பிடித்துவிட்டார்கள். மசாக்கி அஷிடாவின் குழு பட்டுப்புழுவின் ரத்தத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைகான் என்ற பொருளால் நெய்யப்பட்டது. இந்தப் பொருள் விலங்கின் உடலில் எங்கும் கிடையாது. பட்டுப்புழுவின் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. ஊருக்குள் நுழைந்த அந்நியனை அவன் சட்டையை வைத்தே காவலன் அடையாளம் காண்பது போன்றது இது.

பழ ஈயிடம் இத்தகைய காவலர் மரபணுக்கள் 13 இருப்பது பின்னர் தெரியவந்தது. 2001இல் ஸ்டிராஸ்பர்க் குழு அவற்றுள் ஒன்று பழுதான ஈயைக் கண்டுபிடித்து, அந்தப் பிறழ்வுக்கு செம்மல்வைஸ் என்று பெயரிட்டது. 1847இல் வியன்னா மருத்துவமனையில் பிரசவம் பார்க்குமுன் கையைக் கழுவுங்கள் என்று மன்றாடி, ஏளனத்துக்கு ஆளான மருத்துவர் அவர். 2002இல் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இன்னொரு காவலரைக் கண்டன. முதலாவது ரத்தத்தில் மிதப்பது. இரண்டாவது உயிரணுவின் சவ்வில் நிற்பது.

அதுவரை இருந்த கருத்து என்ன? 1884இல் ஹான்ஸ் கிராம் என்பவர் சாயம் ஏற்றிப் பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரித்தார். ஈயும் அவ்வாறே பிரிக்கிறது, சில கிருமிகளின் வெளிச்சவ்வில் உள்ள நச்சை வைத்து வேறுபாடு காண்கிறது என்று நம்பினர். 2003இல் அது தவறெனத் தெரிந்தது. சோதனையில் பயன்படுத்திய நச்சில் பெப்டிடோகிளைகான் துணுக்குகள் கலந்திருந்ததே குழப்பத்துக்குக் காரணம். ஈ பார்ப்பது அந்தச் சுவரின் நெசவில் உள்ள ஒரே ஓர் இழையை. அங்கே லைசின் இருந்தால் ஒரு வழி. டைஅமினோபிமெலிக் அமிலம் இருந்தால் மறு வழி. இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது. கிராம் சாயம் ஏறும் பேசில்லஸ் இனத்தை ஈ அதன் சாயத்தோடு சேர்க்காமல் எதிரணியில் வைப்பதன் காரணமும் இதுவே.

அழுகிய பழத்தையே உண்ணும் ஈயின் குடலில் இந்த மணி ஓயாமல் ஒலித்தால் என்ன ஆகும்? அதற்கும் வழி உண்டு. அதே காவலர் குடும்பத்தைச் சேர்ந்த சில புரதங்கள் கிருமிச் சுவரின் துணுக்குகளை வெட்டிச் செயலிழக்கச் செய்கின்றன. 2006இல் இது நிறுவப்பட்டது. காவலனின் அண்ணன் தம்பியே மணியின் நாவைக் கட்டிப்போடுகிறார்கள் எனலாம்.

2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு ஹாஃப்மன், பாய்ட்லர் இருவரோடு, வேறொரு துறையில் உழைத்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கும் வழங்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னரே ஸ்டைன்மன் காலமாகிவிட்டார். அந்த ஆண்டு இறுதியில் லெமேத்ர், டோல் ஆய்வைப் பெரும்பாலும் செய்தவர் தாமே என்றும், தமக்குரிய இடம் தரப்படவில்லை என்றும் பகிரங்கமாக எழுதினார். அறிவியல் உலகில் அந்த விவாதம் சூடாகவே நடந்தது. கிருமியை முதலில் தொட்டுணரும் புரதத்தைப் பட்டுப்புழுவில் கண்ட அஷிடாவின் பெயர் அந்த விவாதத்தில் அதிகம் அடிபடவில்லை. அவர் கண்ட புரதத்தின் உறவுகள் நான்கு, மனித உடலிலும் இருக்கின்றன.