வீட்டு மீன்தொட்டியில் மிதவைத் தாவரங்கள்: வளர்ப்பும் அகற்றலும்

1. எல்லையும் வகையும்

வேரை மண்ணில் ஊன்றாமல், இலையை நீரின் மேற்பரப்பில் காற்றுக்குக் காட்டி வாழும் தாவரங்களையே இக்கட்டுரை மிதவைத் தாவரங்கள் என்கிறது. வேலம்பாசியும் வேரூன்றாததுதான், ஆனால் அது மூழ்கியே வாழ்வதால் இங்கே சேராது. அல்லியும் தாமரையும் இலையை மிதக்கவிட்டாலும் கிழங்கு சேற்றில் கிடப்பதால் அவையும் விலக்கு.

சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் கேட்கப்படும் வகைகள் சில. ரோஜா வடிவில் இலையடுக்கும் ஆகாயத்தாமரை (பிஸ்டியா). ஊதாப் பூப் பூக்கும் வெங்காயத்தாமரை. இதையும் பலர் ஆகாயத்தாமரை என்றே அழைப்பதால் வாங்கும்போது கவனம் தேவை. பொட்டுப்போல் படரும் லெம்னா என்னும் டக்வீட். பெரணி இனமான சால்வினியா, அசோலா. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பிராக்பிட். வேர் சிவக்கும் 'ரெட் ரூட் புளோட்டர்'. இதன் பேரினம் பில்லாந்தஸ், அதாவது நம் நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் இது நெருங்கிய உறவு. வெங்காயத்தாமரை திறந்த சிமெண்டுத் தொட்டிக்கு உரியது. கண்ணாடித் தொட்டியில் அதன் வேர்க்கற்றை பாதி ஆழத்தை நிரப்பிவிடும், காம்பும் மூடியில் முட்டும். ஆகவே கீழே வருவன பெரும்பாலும் அதை விட்டு மற்றவற்றைப் பற்றியவை.

சால்வினியாவில் வேர்போல் தொங்குவது வேரே அல்ல. ஒவ்வொரு கணுவிலும் உள்ள மூன்று இலைகளில் இரண்டு மிதக்க, மூன்றாவது இழையிழையாகப் பிரிந்து நீருக்குள் இறங்கி வேரின் வேலையைச் செய்கிறது. மேலிலையின் மயிர்கள் நீரை ஒட்டவிடாதவை. அவற்றின் நுனி மட்டும் நீரைப் பற்றும். அமிழ்ந்தாலும் இலையைச் சுற்றி ஒரு காற்றுப் படலம் தங்குவது இதனால்தான். வில்ஹெல்ம் பார்த்லாட் முதலான ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2010-இல் இதை விளக்கினர்.

2. காற்றால் வந்த வலிமை

மூழ்கிய செடிக்கு என்றும் உள்ள தட்டுப்பாடு கரியமில வாயு. அவ்வாயு காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீரில் பரவும். சிலிண்டர் வைத்துக் குமிழி விடும் செலவெல்லாம் இந்தத் தட்டுப்பாட்டை ஈடுகட்டத்தான். மிதவைச் செடிக்கு அச்செலவு இல்லை. அதன் இலைத்துளைகள் மேற்புறத்தில் உள்ளன; வேண்டியதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒளியும் அதற்கே முதலில் கிடைக்கிறது. நல்ல சூழலில் டக்வீட் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாவதற்கு வேறு மாயம் தேவையில்லை.

இந்த வலிமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. செடி வைத்தால் மீனுக்கு ஆக்சிஜன் பெருகும் என்ற பொதுநம்பிக்கை மிதவைச் செடிக்குப் பெரிதும் பொருந்தாது. மேல்நோக்கிய துளைகளின் வழியே ஆக்சிஜன் காற்றுக்கே போய்விடுகிறது. நீருக்குள் இறங்குவது சிறு பங்கு. மேற்பரப்பை முழுக்க மூடினால் காற்றிலிருந்து நீர் பெறும் ஆக்சிஜனும் குறையும், கீழுள்ள செடிகளுக்கு ஒளியும் எட்டாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால், நோய் என்று மருந்தைத் தேடும் முன் மேற்பரப்பைப் பார்ப்பது நல்லது. பாதிப் பரப்பாவது திறந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கோடையில் நீர் சூடேறி ஆக்சிஜன் குறையும்போது இன்னும் அதிகமாகத் திறந்துவிடலாம்.

3. நைட்ரஜன் கணக்கு

மிதவைச் செடி தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சொல்வதில் உண்மை உண்டு, பாதி உண்மை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கும்: நஞ்சான அம்மோனியா, தீங்கு குறைந்த அம்மோனியம். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள நீரில் நஞ்சு வடிவம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் 7 விழுக்காட்டை ஒட்டி வரும். காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்புவோருக்கு இந்த வேறுபாடு அற்பமானதன்று. நீர்த்தாவரங்கள் பல நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி எடுப்பவை என்பதை டயானா வால்ஸ்டாட், மீன்தொட்டித் தாவரங்களைப் பற்றி 1999-இல் வெளியான தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். பில்டரின் நுண்ணுயிர்கள் கைவைக்கும் முன்பே செடி அதை எடுத்துக்கொள்ள முடியும்.

எடுத்த நைட்ரஜன் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை, இலையாகித் தொட்டியிலேயே நிற்கிறது. இலை அழுகினால் மீண்டும் நீருக்கே வரும். ஆக, சுத்தம் நடப்பது செடி வளரும்போது அல்ல, வளர்ந்ததை நாம் வெளியே எடுக்கும்போதுதான். இக்கட்டுரையின் மைய வாதம் இதுவே.

தோராயமாகக் கணக்கிடுவோம். ஒரு சிறிய கப்பித் தொட்டிக்கு நாளுக்கு 0.3 கிராம் தீனி எனக் கொள்வோம், வாரத்துக்கு 2.1 கிராம். 40 விழுக்காடு புரதமுள்ள தீனியில் நைட்ரஜன் 6.4 விழுக்காடு, அதாவது வாரத்துக்கு 0.13 கிராம். மூன்றில் ஒரு பங்கு மீனின் உடலாகிறது என்றால் நீருக்கு வருவது 0.09 கிராம். டக்வீட்டின் ஈர எடையில் 5 விழுக்காடு உலர்பொருள், அதில் 4 விழுக்காடு நைட்ரஜன் என்று வைத்தால், 100 கிராம் ஈரச்செடியில் 0.2 கிராம் இருக்கும். வாரந்தோறும் 45 கிராம், அதாவது தண்ணீர் வடித்த ஒரு பிடி, அள்ளினால் போதும். செடியின் வகையும் நீரும் மாறினால் எண்ணும் மாறும். அள்ள வேண்டும் என்பது மாறாது.

இக்கணக்கில் அசோலா மட்டும் ஒட்டாது. அதன் இலைக்குழியில் வாழும் அனபீனா என்னும் நீலப்பச்சை நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனையே நிலைப்படுத்தித் தருகிறது. நெல்வயலில் அதைப் பசுந்தாள் உரமாக வளர்ப்பதும் அதற்காகத்தான். நீரிலுள்ள நைட்ரஜனுக்கு அவ்வளவாக ஏங்காத செடியை நைட்ரஜன் குறைக்க வைப்பது எனக்குப் புரியாத வழக்கம்.

4. வளர்ப்பு முறை

மிதவைச் செடியைக் கொல்வது பெரும்பாலும் மேலிருந்து வரும் நீர். கண்ணாடி மூடியில் திரளும் ஆவி சொட்டிச் சொட்டி பிராக்பிட், ஆகாயத்தாமரை இலைகளை அழுகச் செய்கிறது. மூடியைச் சற்றே திறந்து வைத்தாலோ சாய்த்து வைத்தாலோ தீரும். பில்டர் நீர் விழும் இடத்தில் செடி அமிழ்ந்து புரளும். ஏர் பம்புக் குழாயை இரண்டடி வெட்டி, இரு முனைகளையும் இணைத்து மிதக்கவிட்டால் வளையமாகும். செடியை அதற்குள் அடைக்கலாம், அல்லது வளையத்துக்குள் செடி வராமல் தடுத்து அங்கே தீனி போடலாம். மலிவான சாதனம், ஆனால் பல விலையுயர்ந்த கருவிகளைவிட உருப்படியானது.

விளக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும். சன்னல் வெயில் படும் தொட்டியில் செடி செழிக்கும்; நீரும் கொதிக்கும்.

சத்துக் குறையை இலையே சொல்லும். முதிர்ந்த இலை முதலில் மஞ்சளித்தால் நைட்ரஜன் குறைவு. மீன் குறைவாக உள்ள புதுத் தொட்டியில் இதைக் காணலாம். புதிய இலை வெளிறிப் பிறந்தால் இரும்புக் குறைவு. நம் கடின நீரில் இரும்பு விரைவில் வீழ்படிவாகிச் செடிக்கு எட்டாமல் போகும். சாதாரண இரும்பு உப்பைவிட கீலேட் செய்த, அதாவது வீழ்படிவாகாதபடி கரிமச் சேர்மத்தால் பிணைத்த, இரும்புச் சத்தே பயன்தரும். குளத்திலிருந்து அள்ளிய செடியானால் தட்டான் பூச்சியின் இளவுயிரி ஒட்டி வரக்கூடும். அது மீன்குஞ்சுகளைத் தின்றுவிடும். தனி வாளியில் ஓரிரு வாரம் வைத்துப் பார்த்தபின் தொட்டிக்கு மாற்றலாம்.

அந்த வாளி வேறொரு ஆபத்துக்கும் இடம். மான்சோனியா கொசுவின் புழு மற்றக் கொசுப்புழுக்களைப்போல் மேலே வந்து மூச்சுவிடுவதில்லை. ஆகாயத்தாமரை, சால்வினியா போன்றவற்றின் நீர்க்கீழ்ப் பகுதியைத் துளைத்து அங்குள்ள காற்றை உறிஞ்சும். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பியது இக்கொசு. வாளியில் இரண்டு கப்பிகளை விடுங்கள்.

5. மீன்கள்

பைட்டரும் கௌராமியும் மிதக்கும் இலைக்கடியில் நுரைக்கூடு கட்டும். கப்பிக் குஞ்சு வேர்களுக்குள் ஒளியும். கோல்டு பிஷ் தொட்டியில் டக்வீட் நிலைக்காது, அது அவற்றுக்குத் தீனி.

6. அள்ளியதை என்ன செய்வது

சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டுவதே வழக்கம். அதன் விளைவை சால்வினியா மொலெஸ்டாவின் வரலாறு காட்டுகிறது. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இப்பெரணி ஐந்துமடிக் குரோமோசோம் கொண்டது, மலட்டுச் செடி. வித்தால் பரவ வழியில்லை. உடைந்த ஒரு கணு போதும். 1939-இல் தாவரவியல் பாடத்துக்காகக் கொழும்புக்கு வந்தது, இலங்கையின் நீர்நிலைகளிலும் வயல்களிலும் பரவியது. கேரளத்தில் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்ற பெயரில் குட்டநாட்டின் வயல்களையும் படகு வழிகளையும் அடைத்தது.

ஒழிப்பு முயற்சிகள் தொடக்கத்தில் தோற்றதற்குக் காரணம் வகைப்பாட்டுப் பிழை. சால்வினியா ஆரிக்குலாட்டா என்று எண்ணி, அதைத் தின்னும் பூச்சிகளைக் கொண்டுவந்தனர். 1972-இல் தாவரவியலாளர் மிட்செல் இதைத் தனி இனமாகப் பெயரிட்டார். 1978-இல் பிரேசிலில் அதன் தாயகம் கண்டறியப்பட்டது. அங்கு கிடைத்த, இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள சிர்டோபேகஸ் சால்வினியே என்னும் கூன்வண்டு 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டு, ஓராண்டு சொச்சத்தில் களையை வீழ்த்தியது. 1983-இல் அது கேரளத்துக்கும் வந்தது.

வீட்டில் வேலை எளிது. அள்ளியதைச் சாக்கின் மேல் பரப்பி, கையால் நொறுங்கும்வரை மொட்டைமாடி வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரமாக உரக்குழியில் இட்டால் மழைநீர் அதை வாய்க்காலுக்குக் கொண்டுபோகலாம். திறந்த தொட்டியில் வெங்காயத்தாமரை வைத்திருப்போர் பூக்காம்பைக் காய்க்கும் முன்பே கிள்ள வேண்டும், அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். உலர்ந்த தூளை ரோஜாத் தொட்டிக்கு மூடாக்காக இடலாம். மீன் தீனியில் வாங்கிய நைட்ரஜன் அங்கே பூவுக்குப் போய்ச் சேரும்.