பெரும்பான்மை வாக்கும் மலையகத் தமிழர் வாக்குரிமையும்

பெரும்பான்மை வாக்கு என்பது ஒரு சபையில் வாக்களிப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்பதை அச்சபையின் முடிவாகக் கொள்ளும் முறை. இலங்கைப் பாராளுமன்றத்தில் சாதாரண சட்டமூலங்கள் இம்முறையிலேயே நிறைவேறுகின்றன. அது நீதியான முறையா என்ற வினாவுக்கு ஊவா, மத்திய மாகாணத் தோட்டங்களின் வரலாறு முதன்மையான சான்றாகும்.

கோட்பாடு

ஒவ்வொரு வாக்கையும் சமமாக மதிப்பதும், சிறு குழுவொன்று முடிவைத் தடுக்க இடமளியாததும் இம்முறையின் பலம். தனித்தனியே பெரும்பாலும் சரியாகத் தீர்மானிக்கக்கூடியவர்கள் சுயமாக வாக்களித்தால், எண்ணிக்கை கூடக்கூடப் பெரும்பான்மையின் முடிவு சரியாக அமையும் வாய்ப்பும் கூடும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொந்தோர்சே 1785இல் காட்டினார். எனினும் யாரெல்லாம் வாக்காளர் என்பதை இம்முறையால் சொல்ல முடியாது; அது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

1948, 1949 சட்டங்கள்

1947 பொதுத் தேர்தலில் இந்திய வம்சாவளித் தமிழரான தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலும், சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வென்றனர். மறு ஆண்டே நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் வாழ்ந்தவர்களிடம் அதை நிரூபிக்கும் பத்திரங்கள் அரிது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்கு என்றாக்க, தொழிலாளரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தும், 1964 வரை அதைப் பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

வெலிமடை

தொகுதி எல்லைகளை வகுக்கும்போது பிரஜாவுரிமையற்றோரும் சனத்தொகையில் சேர்க்கப்பட்டனர். தோட்டத்து ஆட்களின் தலைகள் எண்ணப்பட்டன, வாக்குகள் எண்ணப்படவில்லை. இதனால் தேயிலைத் தோட்டங்கள் மிகுந்த மலைநாட்டுத் தொகுதிகளில் எஞ்சிய வாக்காளரின் வாக்கு அதிக எடை பெற்றது. அத்தகைய சூழலில் ஊவாவின் வெலிமடைத் தொகுதி 1956இல் கே. எம். பி. ராஜரத்னவைத் தெரிவு செய்தது. அவர் சிங்களம் மட்டும் கொள்கையின் தீவிர ஆதரவாளர். அவ்வாண்டே அக்கொள்கையைச் சட்டமாக்கிய அரசகரும மொழிச் சட்டமூலத்துக்குச் சபையில் ஆதரவாக 56 வாக்குகளும் எதிராக 29 வாக்குகளும் விழுந்தன.

காப்பேற்பாடுகள்

சுதந்திரத்தின்போது நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தவர் மீது மட்டும் தகுதிக்கேட்டைச் சுமத்தும் சட்டங்களைத் தடுத்தது. அதை நம்பி, ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் இடம் மறுக்கப்பட்ட கோடாகன்பிள்ளை தொடுத்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பிரஜைகள் யார் எனத் தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள அதிகாரம் என்று கூறி, கழகம் 1953இல் பிரஜாவுரிமை, தேர்தல் திருத்தச் சட்டங்கள் செல்லுபடியானவை என்று தீர்த்தது. 29ஆம் பிரிவே 1972 குடியரசு யாப்பில் கைவிடப்பட்டது. அந்த யாப்பு 119க்கு 16 என்ற வாக்குகளால் ஏற்கப்பட்டது.

1978 யாப்பின் திருத்தங்களுக்கு மொத்த உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225 பேரில் 150 பேர், ஆதரிக்க வேண்டும். சில உறுப்புரைகளுக்குச் சர்வசன வாக்கெடுப்பும் தேவை. சட்டமூலமொன்றை உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம்; ஆனால் சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது.

மீட்சி

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரஜாவுரிமை வழங்கின. விகிதாசாரத் தேர்தல் முறை 1989 பொதுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தபின், மாவட்டமெங்கும் சிதறியிருந்த தோட்டத்து வாக்குகளை ஒன்றுசேர்க்க முடிந்தது. வெலிமடையும் அடங்கிய பதுளை மாவட்டத்திலிருந்து 2015இல் வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார் ஆகிய இரு மலையகத் தமிழர் பாராளுமன்றம் சென்றனர்.