மெட்டு நீக்கிய விரற்பலகை: மின் பேஸ் கித்தாரில் இசைஞர்கள் செய்த மாற்றங்களும் அவர்தம் இசை விருப்பமும் (1951–1976)

ஆய்வுச்சுருக்கம்

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் செய்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி பட்டறையைவிட்டு வெளியேறியபின் அதனை வாங்கியவர் தம் கையால் செய்த மாற்றங்கள் துணைச்செய்திகளாகவே எஞ்சுகின்றன. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மின் பேஸ் கித்தாரை எடுத்துக்கொண்டு, அடுத்த கால் நூற்றாண்டில் இசைஞர்கள் அதில் செய்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மாற்றங்களுக்கும் அவர்கள் விரும்பிக் கேட்ட இசைக்கும் உள்ள உறவும், அவற்றை வரலாறாக எழுதும்போது எழும் சான்றுச் சிக்கல்களும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மின் பேஸ் கித்தார், மெட்டு, விரற்பலகை, ஜேம்ஸ் ஜேமர்சன், பில் வைமன், ஜாக்கோ பஸ்டோரியஸ், கருவி வரலாறு.

முன்னுரை

ஒரு கருவியின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதலில் கிடைப்பவை காப்புரிமை ஆவணங்கள், விலைப்பட்டியல்கள், உற்பத்தி எண்கள் ஆகியவையே. இவை அனைத்தும் உற்பத்தியாளர் தரப்புச் சான்றுகள். இவற்றை மட்டும் பின்பற்றினால், கருவி என்பது முழுமை பெற்ற பொருளாகவும் இசைஞர் அதனைப் பயன்படுத்துபவராகவும் மட்டுமே தோன்றுவர். மின் பேஸ் கித்தாரின் வரலாறு இப்பார்வைக்கு இடங்கொடுப்பதில்லை. அக்கருவியின் அடையாளமாக இன்று கருதப்படும் ஒலிகளுள் சில, உற்பத்தியாளர் எண்ணிப் பார்க்காத மாற்றங்களால் விளைந்தவை.

கலைச்சொற்கள் குறித்து ஒரு விளக்கம் தேவை. வீணையின் மெட்டு, குதிரை ஆகிய சொற்கள் கித்தாரின் உறுப்புகளுக்கும் பொருந்துவதால் அவையே இங்குக் கையாளப்படுகின்றன. ஆயின் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன; மெழுகு தேயும்போது அவற்றை எடுத்து மீண்டும் பதிப்பது பராமரிப்பின் ஒரு பகுதி. கித்தாரிலோ உலோக மெட்டு, மரத்தில் அறுக்கப்பட்ட பள்ளத்தில் அடித்து இறுக்கப்படுகிறது. எனவே அதைப் பிடுங்குவது பராமரிப்பு ஆகாது. கருவியின் உடலைக் காயப்படுத்தும் செயலாகவே அது கருதப்பட்டது.

மெட்டு அளித்த உறுதி

சியாட்டல் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930களின் நடுப்பகுதியிலேயே மெட்டுகளுடன் கூடிய மின் பேஸ் ஒன்றை ஆடியோவாக்ஸ் என்னும் பெயரில் விற்றார். அது பரவவில்லை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட கருவியே நிலைபெற்றது. அதற்கு அவர் இட்ட பெயர் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம். மெட்டற்ற பெரிய நிற்கும் பேஸில் சுரத்தானத்தைச் செவியாலும் நீண்ட பயிற்சியாலுமே கண்டறிய வேண்டும்; புதிய கருவியில் அதனை மெட்டுகளே உறுதிசெய்யும் என்பது அப்பெயரின் பொருள். நிற்கும் பேஸை ஊர் ஊராகச் சுமப்பது கடினம். பறைகளும் ஊதுகருவிகளும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எழும்புவதும் கடினம். 34 அங்குலத் தந்தி நீளமுடைய புதிய கருவி இவ்விரு குறைகளையும் தீர்த்தது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. நிற்கும் பேஸிலிருந்து விடுதலை என்பதே ஃபெண்டரின் கருவி விற்ற சரக்கு. ஆனால் அக்கருவியை வாங்கியவர்களுள் பலரின் செவி நிற்கும் பேஸின் ஒலியிலேயே பழகியிருந்தது. அவர்கள் செய்த மாற்றங்களுள் முதன்மையானவை, கைவிடப்பட்ட அந்தப் பழைய கருவியின் ஏதேனும் ஒரு பண்பை மீட்டெடுக்கும் முயற்சிகளாகவே அமைந்தன. எப்பண்பை மீட்பது என்பதில் மட்டும் அவர்கள் வேறுபட்டனர்.

அடக்கப்பட்ட ஒலி: நுரைப்பஞ்சும் கம்பளித்துணியும்

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) நிற்கும் பேஸில் பயின்றவர். ஜாஸ் இசையில் ஊறியவர். அவருடைய 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் கனத்த தட்டைச்சுற்றுத் தந்திகள் பூட்டப்பட்டிருந்தன. அவற்றை அவர் அரிதாகவே மாற்றினார். தந்திகள் விரற்பலகையிலிருந்து மிக உயர்ந்து நின்றன. குதிரையை மூடும் உலோக மூடியின் அடியில் நுரைப்பஞ்சு தந்திகளை அழுத்திக்கொண்டிருந்தது. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே அவர் மீட்டினார்.

நுரைப்பஞ்சு ஃபெண்டர் நிறுவனமே வைத்து அனுப்பியது. பலர் மூடியையும் பஞ்சையும் கழற்றி எறிந்தனர். ஜேமர்சன் வைத்துக்கொண்டார். எனவே இதனை மாற்றம் என்று கூறலாமா என்னும் வினா எழும். பழைய தந்தி, உயர்ந்த தந்தியமைப்பு, பஞ்சு ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கினால் அது தற்செயலன்று என்பது புலப்படும். தட்டைச்சுற்றுத் தந்தியில் அழுக்கும் வியர்வையும் சேரச் சேர மேற்சுரங்கள் மங்குகின்றன; பஞ்சு, ஒலி நீளும் நேரத்தைக் குறைக்கிறது. எஞ்சுவது தடித்த, விரைவில் அடங்கும் அடிச்சுரம். நிற்கும் பேஸின் விரல்மீட்டு ஒலியும் இத்தகையதே. ஒலி விரைவில் அடங்குவதால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நெருக்கமாக வாசிக்க இயலும். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) பதிவில் பேஸ் தனித்துப் பேசும் இயல்பைப் பெறுவதற்கு ஜேமர்சனின் கற்பனையோடு இந்தத் தொழில்நுட்ப அடிப்படையும் காரணமாகும்.

இதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் பதிவகங்களில் பணியாற்றிய கரோல் கே, கித்தார் வாசிப்பிலிருந்து பேஸுக்கு வந்தவர். அவர் மீட்டுத்தகட்டால் மீட்டினார். குதிரைக்கு அருகில் தந்திகளின்மேல் கம்பளித்துணியை வைத்து ஒலியை அடக்கினார். தகட்டின் கூர்மையும் துணியின் அடக்கமும் சேர்ந்து, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் தெளிவாகக் கேட்கும் ஒலியைத் தந்தன. ஜேமர்சனும் கரோல் கேயும் ஏறத்தாழ ஒரே உத்தியைக் கையாண்டும் இருவேறு ஒலிகளை அடைந்தனர் என்பது, மாற்றத்தைத் தனித்து நோக்காமல் மீட்டும் முறையோடு இணைத்தே நோக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

எதிர்த்திசை: திறக்கப்பட்ட ஒலி

எல்லா மாற்றங்களும் நிற்கும் பேஸை நோக்கித் திரும்பின என்று கொள்வதற்கில்லை. இங்கிலாந்தின் 'தி ஹூ' குழுவைச் சேர்ந்த ஜான் என்ட்விசில் முற்றிலும் எதிர்த்திசையில் சென்றார். பேஸ் பின்னணியில் மறையாமல் முன்னணிக் கருவியாக ஒலிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தடித்த தந்திகள் சீராக அதிரவில்லை என்னும் குறையுடன் அவர் 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தை அணுகினார். அதன் விளைவாக உருண்டைச்சுற்றுத் தந்திகள் செம்மைப்படுத்தப்பட்டன. இவை பியானோவின் தாழ்சுரங்களைப்போல் கணீரென ஒலிப்பவை. ஆனால் இவற்றின் சொரசொரப்பான புறம் மரத்தையும் மெட்டையும் அரிக்கும். ஓர் இசைஞரின் விருப்பத்தால் வந்த இத்தந்தி, பத்தாண்டுக்குள் வேறோர் இசைஞருக்குச் சிக்கலாகவும் தீர்வாகவும் அமைந்ததைப் பின்னர்க் காண்போம்.

மெட்டு நீக்கம்: வைமனின் கருவி

பில் வைமன் 1961இல், 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவில் சேர்வதற்கு முன்பே, விலை குறைந்த பேஸ் ஒன்றை வாங்கினார். அதன் உடற்பகுதி அவருக்குப் பெரிதாக இருந்ததால் அறுத்துச் சிறிதாக்கினார். தேய்ந்து ஓசையெழுப்பிய மெட்டுகளைப் பிடுங்கினார்; புதிய மெட்டுகளைப் பதிப்பதே அவர் எண்ணம். மெட்டில்லாமல் வாசித்துப் பார்த்தபோது அவ்வொலி பிடித்துப்போகவே, அப்படியே விட்டுவிட்டார். மெட்டில்லா மின் பேஸைத் தொழிற்சாலை முறையில் முதலில் விற்றது ஆம்பெக் நிறுவனம், ஆண்டு 1966. ஆகவே வைமனின் கருவி அதற்கு ஐந்தாண்டு மூத்தது.

மேலே கூறிய கருத்துக்கு இந்நிகழ்வு ஒரு திருத்தத்தை வேண்டுகிறது. வைமன் நிற்கும் பேஸின் ஒலியைத் தேடிச் சென்று மெட்டுகளை நீக்கவில்லை. பழுதும் பணத்தட்டுப்பாடுமே அவரைச் செலுத்தின. மாற்றத்தைத் தொடங்கி வைப்பது தேவையாகவோ தற்செயலாகவோ இருக்கலாம். அதனை நிலைநிறுத்துவது செவி. மெட்டுகளை மீண்டும் பதிக்காமல் விட்ட அந்த முடிவிலேயே இசை விருப்பம் செயற்படுகிறது.

பஸ்டோரியஸ்: காயமும் பூச்சும்

ஜாக்கோ பஸ்டோரியஸ் (1951–1987) ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்தவர். அக்கடற்கரையின் கியூப இசை, ஜேமர்சனும் ஜெர்ரி ஜெம்மாட்டும் வாசித்த ரிதம் அண்ட் புளூஸ் பதிவுகள், சார்லி பார்க்கரின் ஜாஸ் ஆகிய மூன்றும் அவர் செவியை உருவாக்கின. அவர் நிற்கும் பேஸும் வைத்திருந்தார். கடற்கரை ஈரப்பதத்தால் அது பிளந்துபோன பின்னரே மின் பேஸின் மெட்டுகளை நீக்கினார் என்பது அவர்தம் கூற்றின்வழி அறியப்படும் செய்தி.

அவருடைய 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் மெட்டுகள் இருந்த பள்ளங்கள் மர நிரப்பியால் அடைக்கப்பட்டன. பள்ளங்களை வெறுமையாக விட்டால் கழுத்துப்பகுதியின் உறுதி குறைந்து வளையும். நிரப்பினால் உறுதி மீள்வதோடு, பழைய மெட்டின் இடம் கோடாகத் தெரிந்து விரலுக்கு வழிகாட்டும். அடுத்த சிக்கல் தந்தி. பஸ்டோரியஸ் விரும்பியது ரோட்டோசவுண்டின் உருண்டைச்சுற்றுத் தந்தி. அது மெட்டில்லா மரத்தை நேரடியாக அரிக்கும். இதற்குப் படகுகளுக்குப் பூசப்படும் கடல்சார் எப்பாக்சியை அவர் விரற்பலகைமேல் பல படலங்களாகப் பூசினார். மரத்தைக் காக்கும் பொருட்டுப் பூசப்பட்ட இப்பூச்சு, ஒலியையும் மாற்றியது. கடினமான பரப்பில் அழுந்தும் தந்தி தன் அதிர்வை எளிதில் இழப்பதில்லை. எனவே சுரம் நீள்கிறது, மேற்சுரங்கள் துலங்குகின்றன. குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப்பை முதன்மையாகக் கொண்டு வாசித்தமை இத்துலக்கத்தை மேலும் கூட்டியது.

விளைவு நிற்கும் பேஸின் ஒலியன்று. சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் இயல்பும், இடவிரலை அசைத்துச் சுரத்தை நடுக்கும் இயல்பும் நிற்கும் பேஸிலிருந்து மீட்கப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் பாட்டுத்தன்மை புதியது. ஜேமர்சன் நிற்கும் பேஸின் அடக்கத்தை மீட்டார்; பஸ்டோரியஸ் அதன் நெகிழ்வை மீட்டார். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பு, பார்க்கர் பெயரில் அறியப்படும் 'டோனா லீ'யுடன் தொடங்குகிறது. சாக்சஃபோனுக்குரிய விரைவான மெட்டமைப்பை மெட்டில்லாப் பேஸ் பாட, உடன் ஒலிப்பது டான் அலியாஸின் காங்கா மட்டுமே. விரும்பிக் கேட்ட பார்க்கரின் ஜாஸும் கியூபத் தாளமும் திருத்தப்பட்ட கருவியில் ஒன்றுகூடிய இடம் அது. அதே ஆண்டு வெளிவந்த ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' தொகுப்பில் இவ்வொலி பாடகியின் குரலோடு உரையாடும் இரண்டாம் குரலாகவே நிற்கிறது.

சான்றுகளின் சிக்கல்

மெட்டுகளை வெண்ணெய்க் கத்தியால் தாமே பிடுங்கியதாகப் பஸ்டோரியஸ் கூறியுள்ளார். கருவி தம்மிடம் வரும்போதே மெட்டுகள் அலங்கோலமாக நீக்கப்பட்டிருந்தன என்னும் செய்தியும் அவர் வாய்மொழியாகவே வழங்குகிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் இயலாது. முதற்கூற்று தனி மேதையின் கதைக்குப் பொருந்துவதால் மிகுதியாகப் பரவியது. இரண்டாங்கூற்று உண்மையெனில், பெயர் தெரியாத ஒருவரின் அரைகுறை வேலையை அவர் செம்மைப்படுத்தினார் என்றாகும். அப்போதும் அவர் பங்கு குறைவதில்லை. ஆனால் மாற்றம் என்பது பல கைகள் வழி நிகழ்வது என்பது தெளிவாகும்.

கருவிகளே சான்றாக எஞ்சுவதும் உறுதியில்லை. ஜேமர்சனின் பேஸ் அவர் இறப்பதற்குச் சிறிது முன் திருடப்பட்டது. அதைப் பற்றி அறிபவை உடன் வாசித்தோரின் நினைவுகளே. பஸ்டோரியஸின் பேஸ் 1986இல் நியூயார்க்கில் திருடுபோய், ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது. ஒருவரிடத்தில் கருவி இல்லை, சாட்சியம் உண்டு. மற்றவரிடத்தில் கருவி உண்டு, சாட்சியம் முரண்படுகிறது.

இவற்றைவிடப் பெரிய இழப்பு சந்தையால் நேர்வது. பழங்கருவிச் சந்தையில் தொழிற்சாலை நிலை மாறாத கருவிக்கே உயர்விலை. மெட்டு நீக்கியதும் பிக்கப் மாற்றியதும் விலை குறைந்தவை. ஆதலால் விற்போர் அவற்றைப் பழைய நிலைக்கு மீட்டுவிடுகின்றனர். அம்மீட்பில் புகழ்பெறாத இசைஞர்களின் கைவேலைக்கான தடயங்கள் அழிகின்றன. புகழ்பெற்றோரின் மாற்றங்களோ எதிர்நிலையில் பண்டமாகின்றன: 1999இல் ஃபெண்டர் நிறுவனம் பஸ்டோரியஸின் பெயரிலேயே மெட்டில்லா ஜாஸ் பேஸை வெளியிட்டது. தேய்மானத்தையும் காயத்தையும் போலச் செய்து விற்கும் வகையும் அதில் உண்டு.

முடிவுரை

மின் பேஸ் கித்தாரில் இசைஞர்கள் செய்த மாற்றங்கள், தாம் விரும்பிய இசையின் ஒலியைத் தம் கருவியில் கேட்க விழைந்ததன் விளைவுகள். அவ்விழைவு சில வேளைகளில் மாற்றத்திற்கு முன்பே இருந்தது. வைமனிடம் மாற்றத்திற்குப் பின்னரே தோன்றியது. ஒருவர் கண்ட தீர்வு மற்றொருவருக்கு மூலப்பொருளாயிற்று என்பதை என்ட்விசிலின் தந்தியும் பஸ்டோரியஸின் பூச்சும் காட்டுகின்றன. எனவே கருவி வரலாற்றாய்வில் தொழிற்சாலை ஆவணத்திற்கு நிகராக, நிரப்பப்பட்ட பள்ளமும் துளையும் தேய்வும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படல் வேண்டும். அவ்வாறு கொள்வதற்கு, மாற்றப்பட்ட கருவிகள் மீட்டெடுப்புக்கு உள்ளாகுமுன் அளவெடுத்து ஆவணப்படுத்தப்படுதல் முதற்பணியாகும். மீட்டெடுக்கப்பட்ட கருவி அழகாக ஒலிக்கலாம். தன்னை முன்பு வைத்திருந்தவர் எவ்விசையை விரும்பினார் என்பதை அது கூறுவதில்லை.