பாகியன் குகையும் பழமைப் பெருமையும்

மனிதன் தோன்றிய காலம் யாது என்னும் வினாவுக்கு இரு விடைகளைக் கேட்டு வளர்ந்தவர் நாம். பள்ளியில் வேதாகம பாடம் ஆதாமைக் காட்டிற்று. வீட்டில் பாட்டியார் நான்கு யுகங்களின் கணக்கைச் சொன்னார். இன்று மண்ணும் ஒரு விடை சொல்லி வருகிறது.

மொரொக்கோ நாட்டின் ஜெபல் இர்ஹூட் என்னுமிடத்துக் கிடைத்த மனித எலும்புகள் ஏறக்குறைய 300,000 ஆண்டுப் பழமையுடையன என 2017ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். ஆபிரிக்காவில் தோன்றிய நம்மினத்தார் பின்னர் உலகெங்கும் பரவினர். அவருட் சிலர் நம் தீவையும் அடைந்தனர்.

களுத்துறை மாவட்டத்திலே, புலத்சிங்களவுக்கு அண்மையில், சீன யாத்திரிகர் பாகியன் பெயரால் வழங்கும் பெருங்குகை ஒன்றுண்டு. கலாநிதி சிரான் தெரணியகல 1968இல் அதனை அகழ்ந்தார். பின்னரும் அகழ்வுகள் நடந்தன. ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தனர். அடர்ந்த மழைக்காடு ஆதிமனிதனுக்குப் பெருந்தடை என்றே அறிஞர் பலர் முன்னர்க் கருதினர். இம்மக்களோ மரவுச்சியில் ஓடித்திரியும் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டனர். தடியோடு துரத்தி இவற்றைப் பிடித்தல் எளிதன்று. குகையிற் கிடைத்த கூரிய எலும்பு முனைகளின் தேய்வையும் முறிவையும் நுணுகி ஆராய்ந்தோர், அவற்றுட் பல அம்பு முனைகளே என 2020இல் எழுதினர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்புக்கு அதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய சான்று இதுவென்பது அவர் முடிபு. கடற்சிப்பி மணிகளும் காவிக்கல் மணிகளும் அங்கே கிடைத்தன. கடற்கரையோடு தொடர்பும், அணி பூணும் ஆசையும் அவர்க்கு இருந்தன. இத்தகையோரைக் காட்டுமிராண்டிகள் என்று எவ்வாறு இகழ்வோம்?

இதனால் சமயத்துக்கு ஊறு நேருமோ எனப் பெரியோர் சிலர் அஞ்சலாம். காலத்தை இலட்சக்கணக்கில் எண்ணிப் பழகிய நம் மரபுக்குப் பேரெண்கள் புதியனவல்ல. ஊறு நேர்வது நமது வீண்பெருமைக்கே. இத்தீவுக்கு முதலில் வந்தவர் யாவர் என்று நம்மவரும் பிறரும் ஓயாது வழக்காடுகின்றனர். அவ்வழக்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளைச் சுற்றியே நிற்பது. குகைமக்களோ அதனிலும் பதினெட்டு மடங்குக்கு மேற் பழையர். அவர் விட்டுச்சென்ற எலும்பிலும் கல்லிலும் எம்மொழியின் எழுத்தும் இல்லை. முதல்வர் என்னும் பட்டம் அவர்க்கே உரியது. அவர் முன்னே நாமனைவரும் பின்வந்தோரே.

ஆகவே, இளைஞர்களே, பழமையைக் காட்டி உரிமை கேட்பதை விடுத்து, இன்று இம்மண்ணில் வாழும் மனிதர் என்னும் முறையிலே உரிமை கேட்போம். பிறர்க்கும் அதனையே வழங்குவோம். கிணறு வெட்டுமிடத்துப் பழைய ஓடோ எலும்போ தென்படின், அதனை எறிந்துவிடாது தொல்பொருட் பகுதியினர்க்கு அறிவிப்போம். அது எவர் பெருமையைச் சொல்லினும் சொல்லுக. உண்மையைச் சொன்னாற் போதும்.