துப்பாக்கியும் துவக்கும்

செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில், ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் தாம் தூக்கிச் சுமந்த ‘திரீ நாட் திரீ’யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். “போல்ட்ட இழுத்து விட்டா வர்ற சத்தம் இன்னும் காதுல நிக்குதுங்க” என்றார். அருகிலிருந்த தமிழன்பர் குறுக்கிட்டார்: “துப்பாக்கிங்கிறதே வள்ளுவர் சொல்லுதாங்க. பன்னெண்டாவது குறளப் பாருங்க.”

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அக்குறளில் இருப்பது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி என்னும் வினையெச்சம். பரிமேலழகரைப் புரட்டினாலே போதும். குண்டைத் ‘துப்பு’வதால் துப்பாக்கி என்பாரோ மறுப்புக்கும் உரியரல்லர்.

துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங், தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, சிங்களத்தில் துவக்குவ, யாழ்ப்பாணத்தார் வாயில் துவக்கு. மலையாளத் தோக்கும் இதன் தேய்வே என்பேன். ‘துப்பு’தான் வேர் என்றால் துவக்கில் அது எங்கே போயிற்று? ஒலி ஒத்தால் உறவென்று கொண்டால், காஞ்சித் தறிக்காரர் அறிந்த துப்பட்டாவையும் துப்பிலிருந்தே பிறப்பிக்க வேண்டிவரும். அதுவோ இரண்டு அகலம் சேர்த்த துணி என்னும் பொருளில் வடக்கிலிருந்து வந்த சொல். பீரங்கியும் ‘ஃபிரங்கி’ வழி வந்ததே.

காவலர் சொன்ன பெயரில் துப்பாக்கியே இல்லை, குழலின் உள்விட்டம்தான் உண்டு: 0.303 அங்குலம். ஜேம்ஸ் பாரிஸ் லீ அமைத்த போல்ட்டும், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு ஆலையில் வெட்டிய குழலும் சேர்ந்து லீ-என்ஃபீல்டு ஆயிற்று. வங்கத்து ஈஷாப்பூர் ஆலையும் அதைச் செய்தது. போல்ட்டைத் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி, மடக்கினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். பத்துத் தோட்டா கொள்ளும். ஒவ்வொரு தோட்டாவையும் சுடுபவரின் கையே ஏற்றுகிறது. பழகியவர்கள் இதை மறக்காததற்குக் காரணம் அந்தக் கைப்பழக்கந்தான். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளன்றுதான் இதற்கு விடைகொடுத்தது. என்ஃபீல்டு என்னும் அந்த ஊர்ப்பெயரோ நம் காஞ்சி மாவட்டத்து ஒரகடத்தில் இன்றும் மோட்டார் சைக்கிளில் ஏறி வெளிவருகிறது.

என்ஃபீல்டை என்ஃபீல்டு என்றே சொல்ல நமக்குக் கூச்சமில்லை. துப்பாக்கியை மட்டும் வள்ளுவர் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? துவக்குக்கு விடை சொல்லாதவரை துப்பு ஆக்கி நிற்காது. துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல். இதில் எனக்கு ஐயமில்லை.