அடைப்புக்குறியும் 'சி' மொழியின் மேக்ரோவும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் ஒரே கட்டளை வரிசையைப் பல இடங்களில் எழுத நேரிடுகிறது. அவ்வரிசைக்கு ஒரு பெயரிட்டுவிட்டால், பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் பொறியே முழு வரிசையையும் நிரப்பிக்கொள்ளும் என்னும் ஏற்பாடு 1950-களிலேயே வந்துவிட்டது. இதற்கு மேக்ரோ என்று பெயர். 1960-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், இவ்வுத்தியை உயர்நிலை மொழிகளுக்கும் விரிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் காட்டினார்.

அதே ஆய்வுக்கூடத்தில், 1969-க்கும் 1973-க்கும் இடையில் டென்னிஸ் ரிட்சி 'சி' மொழியை உருவாக்கினார். தொடக்கத்தில் அதில் மேக்ரோ கிடையாது. 1972-73 வாக்கில், ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதன் பேரில் 'முன்செயலி' ஒன்று சேர்க்கப்பட்டது. நிரல் கம்பைலரை அடையுமுன் அதை ஒருமுறை படித்து, பிற கோப்புகளை இணைத்து, பெயர்களுக்குப் பதில் உரிய எழுத்துக்களை வைப்பதே அதன் வேலை. சில ஆண்டுகள் வரை, நிரலின் தலையில் தனி அடையாளம் இட்டாலொழிய அது இயங்கவே இயங்காது. அவ்வளவு ஒட்டுவேலையாகவே அது கருதப்பட்டது. பின்னர் மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் அதை விரிவாக்கினர். உள்ளீடுகளை ஏற்கும் மேக்ரோ வந்தது. தொல்லையும் உடன் வந்தது.

வர்க்கம்(அ) என்பதற்கு அ*அ என்று எழுதுகிறோம் என வைத்துக்கொள்வோம். வர்க்கம்(5) என்றால் 25, சரி. வர்க்கம்(2+3) என்றால்? முன்செயலிக்குக் கணக்குத் தெரியாது. அது எழுத்தை ஒட்டும் பணியாளே. 2+3*2+3 என்று ஒட்டிவிடும். பெருக்கல் முந்துவதால் விடை 11! ஆகவே (அ)*(அ) என்று திருத்துகிறோம். இப்போது 100/வர்க்கம்(5) என்று கேட்டால், 100/(5)*(5) என விரிந்து, 4 வரவேண்டிய இடத்தில் 100 வருகிறது. முழுமைக்கும் வெளியே இன்னோர் அடைப்புக்குறி இட்டால்தான் கணக்கு நேராகும். இத்தகைய தவறைக் கம்பைலர் சுட்டிக்காட்டாது என்பதே இதிலுள்ள அபாயம். இலக்கணப்படி வரி சரியானதே, விடைதான் தவறு.

அடைப்புக்குறியால் தீராத நோயும் உண்டு. இரண்டில் பெரியதைத் தரும் மேக்ரோ, உள்ளீட்டை ஒப்பிடும்போது ஒருமுறையும் விடையாகத் தரும்போது மறுமுறையும் எழுதுகிறது. 'எண்ணியின் மதிப்பை எடு, பின் 1 கூட்டு' என்னும் கோவையையும் 3-ஐயும் அதனிடம் தந்து பாருங்கள். எண்ணி 7-இல் இருந்தால், 7 என்ற விடைக்குப் பதில் 8 வரும். எண்ணியோ 9-இல் போய் நிற்கும். 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய நூலே இதைப்பற்றி எச்சரித்தது.

எச்சரிக்கைக்கு எல்லாரும் அஞ்சிவிடவில்லை. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீவ் போர்ன் தம் ஷெல் நிரலை அல்கால் மொழி போலத் தோன்றும்படி மேக்ரோக்களால் எழுதியிருந்தார். படித்தவர்கள் திணறினர். 1984-இல், வேண்டுமென்றே குழப்பமாகச் 'சி' எழுதும் போட்டி ஒன்று தொடங்கியதற்கு இதுவும் தூண்டுதல்!

1999-ஆம் ஆண்டுத் தரநிர்ணயம், அழைக்கும் இடத்திலேயே விரியத்தக்க செயற்கூறுகளை மொழியில் சேர்த்தது. அவை உள்ளீட்டை ஒருமுறைதான் கணக்கிடும். ஆயினும் செயற்கூறுக்கு எண்ணின் வகையை முன்னரே சொல்லியாக வேண்டும்; மேக்ரோவோ எவ்வகை எண்ணையும் ஏற்கும். மேக்ரோ நிலைத்ததற்கு இது ஒரு காரணம்.

லினக்ஸ் கருநிரலில் சிறியது, பெரியது காணும் மேக்ரோக்கள், உள்ளீட்டைத் தற்காலிக மாறியில் வாங்கிக்கொண்டு, வகைகளையும் ஒப்பிட்டுச் சோதிக்கும்படி அமைந்தன. பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒவ்வொரு சோதனையும் உள்ளீட்டை இன்னொரு முறை எழுதியது. ஒன்றுக்குள் ஒன்றாக மேக்ரோவை வைத்தால் இப்பெருக்கம் பன்மடங்காகும். 2024-இல், மூன்று எண்களில் சிறியதைக் கேட்ட ஒரே ஒரு கட்டளை 47 மெகாபைட் எழுத்துக்களாக விரிந்தது கண்டுபிடிக்கப்பட்டது! அதன்பின் லினஸ் டோர்வால்ட்ஸ் அம்மேக்ரோக்களைச் சுருக்கி, மாறிலிகளுக்கெனச் சோதனையற்ற எளிய மேக்ரோக்களைத் தனியே பிரித்து வைத்தார்.