சமரசம் தீர்வு அல்ல: ஆய்வாளரும் நெறியாளரும்

நான் எம்.ஏ. தமிழோடு நின்றுவிட்டவன். ஏன் மேலே போகவில்லை என்று கேட்கிறவர்களிடம் ஏதேதோ காரணம் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையான காரணம் ஒரு மதியப் பொழுது. ஆய்வு செய்துகொண்டிருந்த நண்பர் ஒருவரோடு அவருடைய 'கைடு' வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு மணிநேரம் திண்ணையில் காத்திருந்தோம். வெளியே வந்த சார் நண்பர் நீட்டிய இயலை வாங்கவில்லை. தன்னுடைய கட்டுரைத் தொகுப்பின் புரூஃபைக் கையில் கொடுத்து, "இதத் திருத்தி வெச்சிடுப்பா, உன்னோடத அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்தத் தொகுப்பில் நண்பர் எழுதிய இயலின் ஒரு பகுதி சார் பெயரில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது நண்பர் சொன்னது ஒரே வாக்கியம்: "கையெழுத்து அவர்தானே போடணும்."

இதைத் தனிமனிதக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நன்னூலின் பொதுப்பாயிரத்தை வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆசிரியராகத் தகாதவர்களையும் பவணந்தி அதில் பட்டியலிடுகிறார். வழிபட்டு உதவிய மாணவனை விட்டுவிட்டு வேறு யாருக்கோ பாடம் சொல்கிறவரை, ஒருவர் வளர்க்க, வளைந்துபோய் அடுத்த வீட்டில் காய் போடும் முடத்தெங்கோடு ஒப்பிடுகிறார். ஆக, மோசமான ஆசிரியர் உண்டு என்பது மரபுக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்ட மாணவன் யாரிடம் போய்ச் சொல்வது? அதற்கு ஒரு சூத்திரமும் இல்லை. அவனுக்குச் சொல்லப்படுவதெல்லாம் நிழல்போலப் பிரியாமலிருந்து வழிபடும் முறைதான். ஆசிரியனின் குற்றத்துக்கு இலக்கணம் இருக்கிறது, மாணவனின் முறையீட்டுக்கு இல்லை.

இந்த இடைவெளியை நவீனப் பல்கலைக்கழகம் நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பியதா என்பதற்குக் கல்கத்தா ஒரு சாட்சி.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1921 முதல் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் ராதாகிருஷ்ணன். அங்கே பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகைக்காக, இந்தியத் தத்துவங்களில் புலனறிவு பற்றி ஆய்வேடு கொடுத்தவர் ஜதுநாத் சின்ஹா. ராதாகிருஷ்ணன் அவருக்கு நெறியாளர் அல்ல, ஏட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர். 1927இல் ராதாகிருஷ்ணனின் 'இந்தியத் தத்துவம்' இரண்டாம் தொகுதி வந்தது. தன் ஏட்டின் பகுதிகள் அதில் எடுத்தாளப்பட்டிருப்பதாக சின்ஹா 1929இல் 'மாடர்ன் ரெவ்யூ' இதழில் எழுதினார். இருவரும் ஒரே சமஸ்கிருத மூலங்களைக் கையாண்டதால் வந்த ஒற்றுமை அது என்பது ராதாகிருஷ்ணனின் பதில். சின்ஹா 20,000 ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார். ராதாகிருஷ்ணன் சின்ஹாமீதும் இதழாசிரியர் ராமானந்த சட்டர்ஜிமீதும் 1,00,000 ரூபாய் கேட்டு எதிர்வழக்குப் போட்டார். வழக்கு நிலுவையில் இருந்த 1931இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது, ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவியும் கிடைத்தது. 1933இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது.

நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினையே. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால், அது சின்ஹாவுக்கு எதிராகவே போயிருந்தாலும், அடுத்து வரும் மாணவருக்கு ஓர் அளவுகோல் மிஞ்சியிருக்கும். குற்றமற்றவர் என்றால் பேராசிரியர்மீது படிந்த சந்தேகமும் நீங்கியிருக்கும். சமரசம் இரண்டையும் தரவில்லை. 1962 முதல் அந்தப் பேராசிரியரின் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். சின்ஹாவை ஞாபகப்படுத்த நாள் எதுவும் இல்லை.

அதே பத்தாண்டில், லண்டனில் இன்னொன்று நடந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் எட்வின் கானனிடம் ஆய்வு செய்தவர் அம்பேத்கர். ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய ஆய்வு 1923இல் நூலாக வந்தது. இந்தியாவில் நடப்பிலிருந்த தங்கப் பரிமாற்ற முறையை, கெய்ன்ஸ் 1913இல் ஆதரித்து எழுதிய அதே முறையை, அம்பேத்கர் அதில் கடுமையாக எதிர்த்தார். கானனுக்கு அதில் உடன்பாடில்லை. என்ன செய்தார்? அந்த நூலுக்கே முன்னுரை எழுதி, மாணவரின் வாதங்களில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை என்று அங்கேயே சொன்னார். தவறென்று பட்ட இடத்திலும் சிந்தனையில் ஒரு புதுமை இருப்பதாகவும் சொன்னார். அம்பேத்கரோ தன் கோட்பாட்டு வாதங்களைக் கானன் கடுமையாகச் சோதித்ததற்கு நன்றி சொன்னார், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

கானன் பெரிய மனிதர் என்று நிறுவ இதைச் சொல்லவில்லை. நல்லாசிரியர், மோசமான ஆசிரியர் என்று பேச ஆரம்பித்தால் மறுபடியும் நன்னூலுக்கே போய்விடுவோம். லண்டன் ஜனநாயகச் சொர்க்கமும் அல்ல; ஆளும் நாட்டின் பேராசிரியர் அவர், ஆளப்படும் நாட்டின் தீண்டப்படாத சாதி மாணவர் இவர். அந்த அதிகார வேறுபாடு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் முரண்பாடு ஒரே அட்டைக்குள், இருவர் பெயரோடும், வாசிப்பவர் முன்னால் வைக்கப்பட்டது.

கருத்து வேறுபாடும் உழைப்புத் திருட்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் யார் எப்போது எதைச் சொன்னார்கள் என்று பதிவு செய்யும் பழக்கமே இல்லாத இடத்தில்தான் திருட்டும் கண்ணில் படாமல் நடக்கிறது.

இன்று விதிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகள் மாணவர் குறைதீர்ப்புக் குழுவைக் கட்டாயமாக்குகின்றன. 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும், அதற்கு மேல் முறையிட ஒரு குறைதீர்ப்பாளர் உண்டு. குழுவில் பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்டோரில் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது போராடிப் பெற்ற பலன். ஆனால் குழுவின் தலைவர் பேராசிரியர், உறுப்பினர் நால்வரும் ஆசிரியர்கள், மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர் மட்டும். 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி ஏட்டை மதிப்பிடுபவர்களில் நெறியாளரும் ஒருவர். புகார் கொடுத்தவரை அதே துறையில் இன்னொரு சார் கூப்பிட்டு, "எதுக்குப்பா வம்பு, போய் ஒரு சாரி சொல்லிடு" என்று முடித்துவைப்பதை எந்த விதி தடுக்கும்?

ஆகவே கேட்க வேண்டியது இன்னும் சாதாரணமான விஷயங்கள். இயல் கொடுத்த தேதியும் திரும்பி வந்த தேதியும் எழுத்தில் இருக்க வேண்டும். பழைய நெறியாளரின் சம்மதக் கடிதம் இல்லாமலே நெறியாளரை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். நெறியாளரோடு உடன்படாத இடத்தை ஏட்டிலேயே அச்சிட மாணவருக்கு உரிமை வேண்டும்.

நண்பருக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. இப்போது அவரும் கைடு. இப்படியொரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "எழுது. ஆனா என் பேரப் போட்டுடாத" என்றார். போடவில்லை. சார் பெயரையும் போடவில்லை. அந்த அளவில் இந்தக் கட்டுரையும் ஒரு சமரசம்தான்.